துளை முதலில், மணி பிறகு

பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சத் தெரிந்தவருக்குக் கண்ணாடி மணி செய்வதில் பாதி தெரியும். மீதிப் பாதி, துளை. எனக்கு அந்தத் துளையைப் பற்றித்தான் பேச ஆசை. ஆனால் அடுப்பில் பாகு ஏறாமல் துளைக்குப் போக முடியாது என்பதால் சரக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமானிய மட்பாண்டங்கள் கிடைத்தன. ஊர் உலகப் புகழ் பெற்றது. ரோமானியச் சரக்கின் வெளிச்சத்தில் பலர் கவனிக்காமல் விட்டது, அதே மண்ணில் கொட்டிக் கிடந்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளை. சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒற்றை நிற மணிகள். பெரும்பாலானவை 6 மில்லிமீட்டருக்கும் சிறியவை. இதே வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும், தாய்லாந்திலும், இந்தோனேசியாவிலும், கொரியக் கல்லறைகளிலும் கிடைக்கின்றன. பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க மணி ஆய்வாளர் இவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் வைத்தார். எல்லாம் அரிக்கமேட்டில் செய்தவை என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பட்டறைகள் இருந்தன. ஆனால் முறை ஒன்றுதான். அந்த முறை எப்படி இயங்குகிறது என்பதே இங்கே கேள்வி.

சரக்கு

வேண்டியவை இரண்டு: மணல், உவர்மண்.

உவர்மண்ணைப் பழைய தலைமுறைக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோடையில் சில நிலங்களில் வெள்ளை பூத்துக் கிடக்குமே, அதுதான். சலவைத் தொழிலாளர்கள் அதை வாரிவந்து, துணியில் ஏற்றி, வெள்ளாவி வைத்தார்கள். அழுக்கை எடுத்தது அதிலிருந்த சோடா, அதாவது சோடியம் கார்பனேட். அதே சோடாதான் கண்ணாடிக்கும் வேண்டும்.

ஏன் வேண்டும்? சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் வெறும் சட்டியில் போட்டுப் பாருங்கள். உருகுவதற்குள் அடி கருகிவிடும். கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும், சாதுவாக இளகிவிடும். மணலும் அப்படித்தான் முரண்டு பிடிக்கும். மணலின் பெரும்பகுதி சிலிக்கா. தனியாக உருக வேண்டுமென்றால் 1,700 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். விறகு அடுப்பில் அந்தச் சூடு கிடைக்காது. சோடாவைச் சேர்த்தால் 1,000 டிகிரியை எட்டும் முன்பே மணல் இளக ஆரம்பிக்கிறது. அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைச் சோடியம் இடையில் புகுந்து அவிழ்த்துவிடுகிறது.

பாகுக்கும் கண்ணாடிக்கும் உள்ள ஒற்றுமை இந்த இடத்தில் கொஞ்சம் சறுக்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாகில் விட்ட தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்விடும். சோடாவிலிருந்து கரியமில வாயு மட்டும் குமிழ் விட்டு வெளியேறும். சோடியம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். தங்குவதால் ஒரு தொல்லை. வெறும் மணலும் சோடாவும் சேர்ந்த கண்ணாடி நீரில் கரையக்கூடியது. மழைக்காலத்தில் மூடிவைக்காத கடலை மிட்டாய் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்தக் கண்ணாடியும் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்து, நாளடைவில் அழிந்துபோகும்.

அதைத் தடுக்க மூன்றாவதாக ஒரு பொருள் வேண்டும். ரோமானியர்களின் கண்ணாடியில் அந்த வேலையைச் செய்தது சுண்ணாம்பு. கிளிஞ்சல் தூள் கலந்த கடற்கரை மணலோடு அது தானாகவே வந்து சேர்ந்தது. நம் பக்கத்து மணல் கருங்கல் பாறைகள் தேய்ந்து வந்தது; அதில் சிலிக்காவோடு பெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் இருக்கும். அது கொண்டுவருவது அலுமினா. தென்னிந்தியா, இலங்கைப் பழங்கண்ணாடியில் ஒரு பெரும் பிரிவை ஆய்வகத்தில் பகுத்துப் பார்த்தவர்கள் கண்டது இதைத்தான்: அலுமினா தூக்கலாக இருக்கிறது. இலங்கையின் வடமேற்கில் கிரிபாவ என்ற இடத்தில் மணலை நேரடியாகக் கண்ணாடியாக்கிய பழைய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே உருக்கிய கண்ணாடி கட்டியாக மணிப் பட்டறைகளுக்குப் போயிருக்க வேண்டும். வெல்லம் காய்ச்சும் இடம் ஒன்று, மிட்டாய்க் கடை வேறு என்பது மாதிரி.

சரக்கிலேயே தற்செயலாகக் காப்பு அமைந்துவிட்டது. இந்த மணிகள் 2,000 ஆண்டு ஈரமண்ணில் கிடந்தும் பளபளப்பதற்குக் காரணம் செய்தவரின் கைத்திறனோடு அவர் காலடி மணலின் குணமும்தான்.

பதம்

தண்ணீர் 0 டிகிரியில் சட்டென்று உறைந்துவிடும். பாகு அப்படி உறைவதில்லை. ஆற ஆற இறுகிக்கொண்டே போகும். எந்தக் கணத்தில் திரவம் திடமானது என்று கோடு போட முடியாது. அதனால்தான் நம் சமையலில் இத்தனை பதம்: பிசுக்குப் பதம், கம்பிப் பதம், உருண்டைப் பதம், கடைசியில் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்கும் பதம். கண்ணாடியின் குணமும் இதுவே. நல்ல சூட்டில் தேன் போல ஓடும்; கொஞ்சம் இறங்கினால் மாவு போலக் கொழுக்கும்; இன்னும் இறங்கினால் கம்பியாக இழுபடும்; பிறகு இழுபடாது, உடையும். மணி செய்பவரின் தொழில் முழுக்க அந்தக் கம்பிப் பதத்திற்குள் நடக்கிறது. சூடு கூடினால் குழல் தொய்ந்து துளை மூடிக்கொள்ளும். குறைந்தால் கையோடு முறியும். உலையின் நிறத்தையும் கைக்கு வரும் இழுவையையும் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். வேறு அளவுமானி கிடையாது.

ஜபமாலை வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு பயனுள்ள தகவல். கற்கண்டும் மிட்டாயும் ஒரே சர்க்கரை. பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் நாள் கணக்கில் அசையாமல் வைத்தால் மூலக்கூறுகள் வரிசையில் உட்கார நேரம் கிடைக்கிறது, கற்கண்டு விளைகிறது. சட்டென்று ஆறவிட்டால் கலைந்து கிடந்தபடியே இறுகி மிட்டாய் ஆகிறது. ஸ்படிகத்துக்கும் கண்ணாடிக்கும் அதே உறவு. ஸ்படிகம் என்பது பூமிக்குள் நிதானமாக வரிசை கட்டிய சிலிக்கா. மணலின் சொந்த அண்ணன். கண்ணாடி, வரிசை கட்ட நேரம் கிடைக்காத சிலிக்கா. கடையில் ‘ஸ்படிக மாலை’ என்று கொடுப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே உருண்டையாகக் காற்றுக் குமிழ் தெரிந்தால் அது கண்ணாடி. ஸ்படிகம் உள்ளங்கையில் வெகுநேரம் சில்லென்று இருக்கும். கண்ணாடி சீக்கிரம் கைச்சூட்டுக்கு வந்துவிடும். ஜபத்துக்கு இரண்டும் சமம்தான் என்பது என் கட்சி. ஆனால் விலை சமம் இல்லை.

பாகு பூத்துப்போகாமலிருக்க எலுமிச்சைச் சாறு விடுவதுபோல, கண்ணாடி படிகமாகப் பூத்துப்போகாமல் காப்பதிலும் அலுமினாவுக்குப் பங்கு உண்டு. காலடி மணல் செய்த இரண்டாவது உபகாரம் இது.

துளை

இப்போது விஷயத்துக்கு வருவோம். மணி என்பது துளை உள்ள பொருள். துளை இல்லாவிட்டால் அது வெறும் கோலி.

கல்லில் மணி செய்பவருக்குத் துளை கடைசி வேலை, ஆபத்தான வேலை. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லை உருட்டி, இரண்டு பொடி வைரங்கள் பதித்த ஊசியை வில்லால் சுழற்றித் துளைப்பது மரபு. இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வேண்டும். கல் விரிசல் விட்டால் அதுவரை செய்த வேலை அத்தனையும் பாழ். பழங்காலத்தில் நம் கொடுமணலில் கல்மணி செய்தவர்களும் இந்தக் கவலையோடுதான் வாழ்ந்திருப்பார்கள்.

மண்ணில் செய்பவருக்குத் துளை சுலபம். ஈரமாக இருக்கும்போதே குச்சியால் குத்திவிடலாம். ஈராக்கின் கர்பலா மண்ணில் ஷியா முஸ்லிம்கள் செய்யும் தஸ்பீஹ் மணிகள் இப்படிப்பட்டவை. இமாம் ஹுசைன் அடக்கமான ஊரின் மண் என்பதால் அவர்களுக்கு அது புனிதம். சலித்த மண்ணைப் பிசைந்து, உருட்டி, துளையிட்டுக் காயவைத்துக் கோக்கிறார்கள். 34 தடவை ‘அல்லாஹு அக்பர்’, 33 தடவை ‘அல்ஹம்துலில்லாஹ்’, 33 தடவை ‘சுப்ஹானல்லாஹ்’ என்று நூறு எண்ணுவது அவர்கள் வழக்கம். மண் காயும்போது சுருங்கும், அதோடு துளையும் சுருங்கும். முதலிலேயே கொஞ்சம் தாராளமாகக் குத்த வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

கண்ணாடியில் ஒரு வழி, சுற்றுவது. உத்தரப் பிரதேசத்தின் பூர்தில்நகர் இதற்குப் பெயர்போனது. உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பியில் சுற்றி, உருட்டி, ஆறியதும் உருவிவிடுவார்கள். கம்பி இருந்த இடமே துளை. பெரிய மணிக்கு, மாலையின் நடுமணிக்கு இது நல்ல முறை. ஆனால் ஒவ்வொன்றாகச் சுற்ற வேண்டும். கடுகு அளவு மணிகளைக் கப்பல் கப்பலாக அனுப்ப இது தோதுப்படாது.

அரிக்கமேட்டு மணிகளைச் செய்தவர்கள் பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். மணி செய்து துளை போடுவதற்குப் பதிலாக, ஒரு பெரிய துளையை முதலில் செய்து, அதை இழுத்து, பிறகு மணிகளாக நறுக்கினார்கள்.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. ஆந்திராவில், காளஹஸ்தி பக்கம் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் இந்த முறை பிழைத்திருந்தது. 1980களிலும் 90களிலும் அங்கே போன ஆய்வாளர்கள் படிப்படியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குள் அங்கே மணலுக்குப் பதில் உடைந்த கண்ணாடி உலைக்கு வந்துவிட்டது. கைவேலை மட்டும் பழையது.

அங்கே முக்கியக் கருவி ‘லாடா’ என்ற நீண்ட இரும்புக் குழாய். உலையில் இளகிய கண்ணாடியை அதன் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். ஏற்றுவது, கல்பலகையில் உருட்டுவது, மறுபடி சூடு காட்டுவது, மேலும் ஏற்றுவது. கடைசியில் குழாயின் நுனியில் கண்ணாடி ஒரு பெரிய கூம்பாகத் திரண்டு நிற்கும். பிறகு குழாய்க்குள்ளே ஒரு நீண்ட கம்பியை விட்டுக் கூம்பின் நடுவே குத்துவார்கள். உள்ளே காற்றுக்கு ஒரு பாதை கிடைத்துவிட்டது. துளை தயார், மணி இன்னும் பிறக்கவில்லை.

கூம்பை உலை வாயில் வைப்பார்கள். உதவியாள் லாடாவை விடாமல் சுழற்றுவார். நிறுத்தினால் கூம்பு ஒரு பக்கமாகத் தொய்ந்துவிடும். எதிர்ப்பக்கம் இருக்கும் மேஸ்திரி ஒரு கொக்கியால் கூம்பின் நுனியைக் கொத்தி இழுப்பார். கம்பிப் பதத்தில் இருக்கும் கண்ணாடி நூலாக வரும். அதற்குப் பிறகு கொக்கி வேண்டாம். கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டே இருப்பார். நூல் காற்றிலேயே இறுகிக் குழல் ஆகும். ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்ததும் ஒடித்துப் பக்கத்தில் போடுவார். கூம்பு தீரும்வரை மணிக்கணக்கில் இதே வேலை.

அதிசயம், துளை மூடாததுதான். இழுக்கும்போது கண்ணாடிச் சுவர் மெலிகிற அதே விகிதத்தில் நடுத் துளையும் மெலிகிறது. ஜவ்வு மிட்டாயில் போட்ட வண்ணக்கோடு எவ்வளவு இழுத்தாலும் கோடாகவே நிற்பதுபோல. ஒரு கணக்குப் போடலாம். 10 சென்டிமீட்டர் பருமன், 10 சென்டிமீட்டர் நீளம் உள்ள ஒரு கண்ணாடி உருளை. நடுவே 2 சென்டிமீட்டர் துளை. இதை 5 மில்லிமீட்டர் பருமனுக்கு இழுத்தால் குறுக்களவு 20-ல் ஒரு பங்கு, குறுக்குப் பரப்பு 400-ல் ஒரு பங்கு. சரக்கு எங்கும் போகாது; ஆகவே நீளம் 400 மடங்கு, அதாவது 40 மீட்டர். துளை சரியாக 1 மில்லிமீட்டர், நூல் கோக்க அளவெடுத்தாற்போல. 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நறுக்கினால் 10,000 மணிகள். 108 மணி மாலையாக 92 கட்டலாம்; கொஞ்சம் மிச்சமும் இருக்கும். பத்தாயிரம் துளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு குத்து. இந்தியப் பெருங்கடல் முழுவதும் இந்த மணிகள் பரவிய ரகசியத்தைத் தேடுபவர்கள் பருவக்காற்றையும் துறைமுகத்தையும் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பேன்.

நிறம்

இங்கே சமையலறை உதவாது. பாகு சிவப்பது கருகுவதால். கண்ணாடி சிவப்பது செம்பால்.

அரிக்கமேட்டுச் செங்கல் சிவப்பு மணிக்கும் பசுநீல மணிக்கும் நிறம் கொடுப்பது ஒரே செம்புதான். உலையில் காற்று தாராளமாகப் போனால் செம்பு ஆக்சிஜனோடு முழுக்கச் சேர்ந்து நீலமும் பச்சையுமாகக் கரைகிறது. காற்றைக் குறைத்துப் புகை சூழ வைத்தால் கரைய வழியில்லாமல் மிக நுண்ணிய செம்புத் துணுக்குகளாகப் பிரிந்து கண்ணாடிக்குள் மிதக்கிறது. கண்ணாடி ஒளி ஊடுருவாத சிவப்பாகிறது. இழுத்து முடியும்வரை அந்தக் காற்றடைப்பைக் காக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சிவப்பில் கறுப்பும் பச்சையும் ஓடிவிடும். பழைய சிவப்பு மணிகளில் கருங்கோடுகள் அடிக்கடி தென்படுவது இதனால்தான். இந்தோனேசியாவின் திமோர், புளோரஸ் தீவுகளில் இந்தச் செம்மணியை ‘முத்திசாலா’ என்று சொல்லிக் குடும்பச் சொத்தாக, மணப்பெண்ணுக்கான பரிசமாகப் போற்றுகிறார்கள். மற்ற நிறங்கள் இத்தனை அடம் பிடிக்காதவை. மாங்கனீஸ் ஊதா தரும், கோபால்ட் கருநீலம் தரும். மணலிலேயே இருக்கும் இரும்பு, வேண்டாம் என்றாலும் பச்சை தரும்.

வெட்டும் சாம்பலும்

குழல்களை நறுக்குவது பெரும்பாலும் பெண்கள் வேலை. நட்டு வைத்த உளியின் விளிம்பில் ஒரு கை குழல்களைப் பதித்து, மேலிருந்து இன்னொரு தகட்டால் தட்டினால் துண்டுகள் உதிரும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் விளிம்பு கத்தி. அப்படியே கோத்தால் நூல் அறுந்துவிடும், கழுத்தும் கீறும்.

விளிம்பை மழுக்க மறுபடி சூடு காட்ட வேண்டும். அப்போது இரண்டு கெடுதல் வரலாம்: துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டலாம், துளை மூடலாம். மிட்டாய்த் துண்டுகள் ஒட்டாதிருக்க மாவு தூவுவார்களே, இங்கே அந்த இடத்தில் சாம்பல். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலில் போட்டுப் பிசறினால் துளைக்குள்ளும் சாம்பல் அடைத்துக்கொள்ளும். பிறகு சட்டியில் போட்டு அடுப்பில் வைத்துக் கிளறுவார்கள். கூரான விளிம்பு இளகித் தானே உருண்டுகொள்ளும். துளையைச் சாம்பல் காத்து நிற்கும். ஆறியதும் சலித்துப் புடைத்து, சாம்பலைப் போக்கி, அளவுவாரியாகப் பிரித்துக் கோத்தால் சரம் தயார். ஜபமாலை மணி ஒரு நாளைக்கு எத்தனை தடவை விரலில் உருள்கிறது என்று யோசித்தால் இந்த மழுக்கலின் அருமை புரியும்.

எப்படிச் செய்த மணி என்று கண்டுபிடிக்க மணியே சாட்சி சொல்லும். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். உள்ளே சிக்கிய குமிழ்கள் துளைக்கு இணையாக, நெல் போல நீண்டிருந்தால் அது இழுத்த மணி. குமிழ்களும் கோடுகளும் துளையைச் சுற்றி வளையமாக ஓடினால் சுற்றிய மணி. தொல்லியலாளர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். உங்கள் வீட்டுப் பாசிமணியிலும் பார்க்கலாம்.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகள் வைத்திருக்கிறார்கள். போகும்போது கையில் ஒரு உருப்பெருக்கி கொண்டுபோங்கள். அரிக்கமேட்டுக்கே போனால் ஒரு வேண்டுகோள். மழைக்குப் பிறகு மண் கரைந்து மணிகள் மேலே தெரியும்; எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கை நீளும். வேண்டாம். கரையில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்த மணியிலிருந்து ஆய்வாளருக்குக் காலத்தைச் சொல்ல வழியில்லை.